மூக்கு சொன்னால் வதந்தி, முத்திரை விழுந்தால் விஞ்ஞானமா?

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் பஸ் போகும்போது ஜன்னலோரம் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக் கொள்வது நாற்பதாண்டுப் பழக்கம். கடலூரில் சரக்கெடுத்துத் திரும்பும் பரங்கிப்பேட்டை வியாபாரிக்கு அந்த நாற்றம் தெரியும். அண்ணாமலைப் பல்கலைக் கழகத்துக்குப் படிக்கப் போகும் பையனுக்குத் தெரியும். தினம் நான்கு முறை அதைக் கடக்கும் கண்டக்டருக்குத் தெரியும். தெரியாதவர் ஒருவர் உண்டு. அவர் கோப்புகளுக்கு மத்தியில் உட்கார்ந்து கொண்டு, "நாற்றம் என்பது நிரூபணம் அல்ல" என்று பதில் எழுதுகிறவர்.

'விஞ்ஞானிகள் கண்டு சொல்வதைப் பொது மக்கள் ஏன் ஏற்க மறுக்கிறார்கள்? ஏன் இத்தனை சர்ச்சை?' என்று அறிவுஜீவிகள் அடிக்கடி கவலைப்படுகிறார்கள். கேள்விக்குள்ளேயே தீர்ப்பும் இருக்கிறது: விஞ்ஞானி அறிவாளி, மக்கள் மடையர்கள். அந்த மக்கள் முஸ்லிம்களாக இருந்து விட்டால் கேட்கவே வேண்டாம். 'மதவாதிகள், பழைமைவாதிகள், தடுப்பூசிக்கே பயப்படுகிறவர்கள்' என்று ஒரு பட்டம் தயாராக இருக்கும்.

இது அப்பட்டமான பித்தலாட்டம். ஆய்வு முடிவு ஒன்று சர்ச்சைக்குள்ளாவது பெரும்பாலும் அறியாமையால் அல்ல. அது யாருடைய பணப்பையைச் சுடுகிறதோ அவர் சர்ச்சையைக் கிளப்புகிறார். முன்பு நம்மை ஏமாற்றியவர் வாயிலிருந்து வரும்போது நாம் சர்ச்சையைக் கிளப்புகிறோம். இரண்டுக்கும் சாட்சி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

வாளியில் பிடித்த காற்று

1980களின் தொடக்கத்தில் கடலூர் - சிதம்பரம் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் இடையில் சிப்காட் வளாகம் வந்தது. பூச்சி மருந்து, மருந்து மூலப்பொருள், சாயம் என்று ரசாயன ஆலைகள் வரிசையாக முளைத்தன. பச்சையாங்குப்பம், குடிகாடு, ஈச்சங்காடு, தைக்கால் தோணித்துறை, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் என்று அந்தச் சாலையோரக் கிராமங்களின் விவசாயிகளும் மீனவர்களும் அன்று முதல் புகார் எழுதினார்கள். கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது, கிணற்று நீர் நிறம் மாறுகிறது, ஆற்றில் மீன் செத்து மிதக்கிறது என்றெல்லாம் எழுதினார்கள். ஓய்வு பெற்ற சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஜெ. கனகராஜ் தலைமையில் ஒரு மக்கள் தீர்ப்பாயம் 1998ல் வந்து விசாரித்தது. அதன் அறிக்கை 2003ல் வெளிவந்தது. அரசு இயந்திரம் அசையவில்லை.

2004ல் கிராமத்துக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். நம் இளைஞர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழும் மக்கள் 1990களின் நடுவில் ஓர் எளிய கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளி, அதற்குள் ரசாயனத்தோடு கலக்காத விசேஷப் பை, காற்றை உறிஞ்சும் சிறு பம்பு. அவ்வளவு தான். நாற்றம் வீசும் நேரத்தில் வாளியைத் திறந்து காற்றைப் பிடித்து, பையை மூடி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். குடிகாட்டுப் பகுதி மக்கள் இதைக் கற்றுக் கொண்டார்கள். அதோடு நோட்டுப் புத்தகம் வைத்து எழுதினார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த ஆலைக்குப் பக்கம், காற்று எந்தத் திசை, நாற்றம் அழுகிய முட்டை போலவா, அழுகிய பழம் போலவா, நகப்பூச்சு போலவா என்று! ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்களும் இதைச் செய்தார்கள். விஞ்ஞானம் என்பது இதைவிட வேறென்ன?

பிடித்த காற்று அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்குப் போனது. 22 நச்சு ரசாயனங்கள் இருந்தன. அவற்றில் 8 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. 2004 செப்டம்பரில் அறிக்கை வந்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அபாயக் கழிவுக் கண்காணிப்புக் குழு கடலூருக்கு நேரில் வந்து பார்த்தது.

அப்போது தான் வேடிக்கை தொடங்கியது. 'வாளியில் பிடித்ததெல்லாம் விஞ்ஞானமா?' என்ற கேள்வி வந்தது. இருபது ஆண்டுகளாக அந்தக் காற்றைப் பிடித்துப் பார்க்காதவர்களுக்கு, பிடித்துப் பார்த்தவர்களின் வாளி மீது சந்தேகம்! இதைவிடப் பெரிய கயமை ஒன்று உண்டு. அன்றைக்கு நம் நாட்டில் பொதுவெளிக் காற்றுக்கு வகுத்திருந்த தர அளவுகளில் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, தூசி, ஈயம், கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா ஆகியவை தான் இருந்தன. பென்சீனுக்கு அளவு வந்ததே 2009 நவம்பரில் தான். வாளியில் சிக்கிய ரசாயனங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சட்டத்தில் அளவுகோலே கிடையாது. அளவுகோல் இல்லாவிட்டால் மீறல் இல்லை. மீறல் இல்லாவிட்டால் குற்றம் இல்லை. தராசே வைக்காத கடைக்காரர் 'என் மீது ஒரு கிராம் எடைக் குறைவைக் காட்டுங்கள் பார்க்கலாம்' என்று சவால் விடுவதைப் போன்றது இது. அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோருக்குக் கேடு என்று அல்குர்ஆனின் 83வது அத்தியாயம் எச்சரிக்கிறது. அது பலசரக்குக் கடைக்காரருக்கு மட்டும் உள்ள எச்சரிக்கை என்று யார் சொன்னது?

2000 மடங்கு

வாளியை அலட்சியம் செய்தவர்களுக்கு அரசு முத்திரையோடு பதில் வந்தது. நாக்பூரில் இருக்கும் மத்திய அரசின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான 'நீரி' கடலூரில் ஆய்வு செய்தது. அதன் முடிவு 2008ல் பத்திரிகைகளில் வெளிவந்தது: சிப்காட் பகுதி மக்களுக்குப் புற்றுநோய் அபாயம் 2000 மடங்கு அதிகம்!

மாவட்டமே அதிர்ந்தது. ஆனால் இந்த எண்ணைப் பற்றி நம்மவர்கள் ஒரு விஷயத்தைப் புரிந்து கொள்ள வேண்டும். புரியாததால் தான் எதிரிக்கு வாய்ப்புக் கிடைத்தது.

எதைவிட 2000 மடங்கு? இந்தியாவில் பிறக்கும் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்பதில் ஒன்று என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பதிவேட்டுக் கணக்கு 2022ல் சொன்னது. ஒன்பதில் ஒன்றை 2000 மடங்காக்கினால் ஒரே ஆளுக்கு இருநூறு முறைக்கு மேல் புற்றுநோய் வர வேண்டும். ஆகவே அந்த 2000 இயல்பான நோயோடு ஒப்பிட்ட கணக்காக இருக்க முடியாது. இத்தகைய ஆய்வுகளில் ஒரு ரசாயனத்தால் கூடுதலாக வரும் அபாயம் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு மேல் போகக் கூடாது என்று ஓர் எல்லைக் கோடு வைப்பார்கள். அந்தக் கோட்டைவிட 2000 மடங்கு என்று தான் இதைப் படிக்க வேண்டும். அதாவது, வாழ்நாள் முழுதும் அந்தக் காற்றையே சுவாசித்தால் 500 பேரில் ஒருவருக்கு, மற்றபடி வரக்கூடியதற்கு மேலாக, புற்றுநோய் வரலாம்.

'அவ்வளவு தானா?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 500 மூட்டை அரிசியில் ஒரு மூட்டையில் விஷம் இருக்கிறது, எந்த மூட்டை என்று தெரியாது என்றால் எந்த மண்டிக்காரராவது அந்த லோடை இறக்குவாரா? 20 ஆயிரம் பேருக்கு 40 பேர். அந்த நாற்பது பேரும் புகைபோக்கியின் பங்குதாரர்கள் அல்ல. நடவு நட்டவர்கள், வலை வீசியவர்கள்.

500ல் ஒன்று என்று சொல்லியிருந்தால் அந்தச் செய்தியே போதுமான நெருப்பு. ஆனால் '2000 மடங்கு அதிகமாகப் புற்றுநோய் தாக்கும்' என்று மொட்டையாக அச்சடித்தார்கள். அதைப் படித்த மனிதர் ஊருக்குள் போய்ப் பார்க்கிறார். வீட்டுக்கு வீடு புற்றுநோயாளி இல்லை. 'ஆய்வே பொய்யோ?' என்று நினைக்கிறார். ஆலைக்குப் பரிந்து பேசுபவருக்கு இது போதும். அவர் ஆய்வை எதிர்க்க வேண்டியதில்லை, தலைப்பை எதிர்த்தால் போதும். தலைப்பு விழும்போது உள்ளே இருந்த உண்மையும் சேர்ந்து விழுகிறது.

இன்னொரு தந்திரமும் உண்டு. 'இன்னாருக்கு வந்த புற்றுநோய் இந்தப் புகைபோக்கியால் தான் வந்தது என்று நிரூபி' என்பார்கள். தனி ஆள் ஒருவரைக் காட்டி அப்படி நிரூபிக்க எந்த விஞ்ஞானியாலும் முடியாது. ஒரு கூட்டத்தில் எத்தனை பேருக்குக் கூடும் என்று தான் அவரால் சொல்ல முடியும். மழை பெய்தால் ஏரி நிரம்பும் என்று சொல்லலாம். ஏரியில் இருக்கும் இந்தச் சொட்டு எந்த மேகத்தின் சொட்டு என்று கேட்டால்? அந்தக் கேள்வி பதில் தெரிந்து கொள்வதற்காகக் கேட்கப்படுவதில்லை. தட்டிக் கழிப்பதற்காகக் கேட்கப்படுகிறது.

2009 டிசம்பரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுதும் 88 தொழில் பகுதிகளுக்கு மார்க் போட்டது. 70க்கு மேல் போனால் மிக மோசமாக மாசுபட்ட பகுதி. கடலூர் வாங்கியது 77.45. மணலிக்கு 76.32. மணலியையே மிஞ்சி விட்டோம்! 2010 ஜனவரியில் புதிய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருவதை நிறுத்தி வைத்தார்கள். அந்தத் தடையும் பின்னர் விலக்கப்பட்டது. 2021 மே 13ல் அதே வளாகத்தில் ஒரு பூச்சி மருந்து ஆலை வெடித்து 4 பேர் மாண்டார்கள்.

சர்ச்சை ஒரு வியாபாரம்

சிகரெட் புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தில் டாலும் ஹில்லும் 1950லேயே எழுதி விட்டார்கள். சிகரெட் கம்பெனிகள் அதைப் பொய்யென்று நிரூபிக்க முயலவில்லை. 'இன்னும் முடிவாகவில்லை, இன்னும் ஆராய வேண்டும்' என்று மட்டும் சொல்லிக் கொண்டிருந்தன. 1969ல் ஒரு கம்பெனியின் உள் குறிப்பு, தாங்கள் விற்கும் சரக்கே சந்தேகம் தான் என்ற பொருளில் எழுதியது. பிற்காலத்தில் அந்தக் காகிதம் வெளியே வந்து நாறியது. சந்தேகம் விற்ற காலத்தில் இறந்தவர்களுக்குக் கணக்கில்லை.

ஒரு விஷயம் சர்ச்சையில் இருக்கும் வரை அரசு கையெழுத்துப் போடாது. கையெழுத்து விழாத வரை கல்லா நிறையும். ஆகவே யாராவது 'இதில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது' என்று சொன்னால், அந்தக் கருத்து வேறுபாட்டால் யாருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள்.

சகோதரர்களே! இது வரை படித்துத் தலையாட்டியவர்கள் அடுத்த பகுதியையும் தலையாட்டிக் கொண்டே படிக்க முடிகிறதா என்று பார்ப்போம்.

வாணியம்பாடியில் நம் நியாயம் எங்கே போனது?

மத்திய வாரியம் கடலூருக்கு 77.45 போட்டதே, அதே பட்டியலில் அதைவிட மோசமான தமிழகப் பகுதி எது தெரியுமா? வேலூர் வட்டாரம். 81.79. அங்கே ஓடுவது பாலாறு. அதைக் கெடுத்ததில் பெரும் பங்கு தோல் பதனிடும் தொழிலுக்கு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் அந்தத் தொழிலில் முதலாளிகளாகப் பலரும் நம் சமுதாயத்தவர்.

வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குரோம் முறையில் தோல் பதனிட 170 வகை ரசாயனங்கள், ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 40 லிட்டர் கழிவு நீர், தோல் பதனிடும் பட்டையில் ஏறத்தாழ 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழ் என்ற விவரங்கள் அந்தத் தீர்ப்பில் இருக்கின்றன. நிலக் கணக்கை எடுத்தது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம். கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தில் வேர் பிடிக்க அந்தத் தீர்ப்பு காரணமாயிற்று.

நம்மில் சிலர் என்ன பேசினார்கள்? 'முஸ்லிம்களின் தொழிலை நசுக்கச் சதி' என்றார்கள். 'அன்னியச் செலாவணி தருகிற தொழில்' என்றார்கள். 'வேலை வாய்ப்பு போய் விடும்' என்றார்கள். 'மற்ற ஆலைகளைக் கேட்காமல் எங்களை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?' என்றார்கள். கடலூர் ரசாயன ஆலைக்காரர் வாயிலிருந்து வந்தால் நாம் கேலி செய்யும் அதே வார்த்தைகள்!

மற்ற ஆலைகள் உத்தமமானவை என்று யாரும் சொல்லவில்லை. ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச் சென்ற குரோமியக் கழிவு மலை போல் கிடந்ததை ஊரறியும். சிறுபான்மையினர் தொழில் என்றால் அதிகாரி கொஞ்சம் சுறுசுறுப்பாகி விடுவதும் நாம் பார்க்காததல்ல. ஆனால் கேள்வி அதுவல்ல. 35 ஆயிரம் ஹெக்டேர் கணக்கு சரியா, தவறா? சரி என்றால் சதி என்ற பேச்சுக்கு இடமேது? கெட்டுப் போன அந்தக் கிணற்று நீரைக் குடித்தவர்களில் தொழுகையாளிகள் இல்லையா? தொட்டியில் இறங்கித் தோல் அலசிய தொழிலாளி யார்? 2015 ஜனவரி 31ல் ராணிப்பேட்டையில் தோல் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தூங்கிக் கொண்டிருந்தவர்கள்.

நீதிக்குச் சாட்சி சொல்லுங்கள், அது உங்களுக்கும் பெற்றோருக்கும் நெருங்கிய உறவினருக்கும் பாதகமாக இருந்தாலும் சரி என்பது அல்லாஹ் நமக்கு இட்ட கட்டளை (4:135). கடலூரில் வேறு ஒருவரின் ஆலை முன் நின்று அதைப் பேசுவது எளிது. வாணியம்பாடியில் மாமன் மச்சான் ஆலை முன் நின்று பேசுவது தான் பரீட்சை. வழக்கு இன்னும் முடிந்த பாடில்லை. 2025 ஜனவரி 30ல் கூட உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசுக்காக இழப்பீடும் சீரமைப்பும் கேட்டு மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. முப்பது ஆண்டு! ஒரு தலைமுறையே கெட்ட தண்ணீரைக் குடித்து வளர்ந்து விட்டது.

ஊசியும் வாட்ஸ்அப்பும்

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது. ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயது வரை, ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு. கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமை, கண்புரை, இருதயக் கோளாறு வரலாம். அதைத் தடுக்கும் ஊசி. முகாம் தொடங்குமுன்பே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் கிளம்பின. இது வெளிநாட்டுச் சோதனை, இது மலடாக்கும் ஊசி என்று. எல்லாச் சமுதாயத்திலும் பெற்றோர் பயந்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் நிறுத்திக் கொண்டவர்கள் உண்டு. பிப்ரவரி இறுதியில் முடிய வேண்டிய முகாமை மார்ச் வரை நீட்டினார்கள். நம் மஹல்லாக்களிலும் அந்தப் பதிவுகள் சுற்றின என்பதை மறைப்பதில் பயனில்லை.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டோம். 1976ல் நெருக்கடி நிலையின் போது டில்லி துர்க்மான் கேட்டிலும் முஸாஃபர்நகரிலும் கட்டாயக் குடும்பக் கட்டுப்பாட்டை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதே அரசாங்கத்தின் மருத்துவப் பணியாளர் பின்னர் போலியோ சொட்டு மருந்துடன் கதவைத் தட்டியபோது உத்தரப் பிரதேசத்து முஸ்லிம் தாய் கதவைத் திறக்கவில்லை. அவளை மூடநம்பிக்கைக்காரி என்று எழுதிய பத்திரிகைகள் 1976 பற்றி ஒரு வரி எழுதவில்லை. 2011ல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் உஸாமாவைத் தேட அமெரிக்க உளவுத்துறை பொய்த் தடுப்பூசி முகாம் நடத்தியது. இனி அப்படிச் செய்ய மாட்டோம் என்று அமெரிக்கா 2014ல் தானே வாக்குறுதி கொடுத்தது. செய்யாத காரியத்தை யாரும் இனிச் செய்ய மாட்டேன் என்று சொல்வதில்லை!

ஆனால் விலை கொடுத்தது யார்? 2002ல் நாட்டில் 1600 குழந்தைகள் போலியோவால் முடங்கின. பெரும்பகுதி உத்தரப் பிரதேசம். அதில் முஸ்லிம் குழந்தைகளின் பங்கு மக்கள் தொகை விகிதத்தைவிட மிக அதிகம். துர்க்மான் கேட்டில் சுட உத்தரவிட்டவனின் பேரன் நன்றாக நடக்கிறான். நம் பிள்ளை தான் தவழ்ந்தது. அதன் பிறகு நிலைமையை மாற்றியது போலீசும் அல்ல, விளம்பரமும் அல்ல. அலிகர் முஸ்லிம் பல்கலைக் கழகத்தையும் ஜாமியா மில்லியாவையும் உலமாக்களையும் அழைத்து உட்கார வைத்துப் பேசினார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தார்கள். இமாம்கள் தம் கையால் சொட்டு மருந்து கொடுத்தார்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்து ஹவுராவில் கண்டறியப்பட்ட ஒரு குழந்தையோடு இந்தியாவில் போலியோ முடிந்தது. மருந்து மாறவில்லை, சொன்ன வாய் மாறியது.

'தடுப்பூசிக்குப் பின்னால் கம்பெனிப் பணம்' என்பவர்கள் இதையும் கேட்டுக் கொள்ளட்டும். தட்டம்மை ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டு 1998ல் லண்டனில் கட்டுரை எழுதிய வேக்ஃபீல்டு வெறும் 12 குழந்தைகளை வைத்து அதை எழுதினார். ஊசிக் கம்பெனிகள் மீது வழக்குப் போடவிருந்த வக்கீல்களிடம் அவர் பணம் வாங்கியிருந்தார் என்பதை ஒரு பத்திரிகையாளர் 2004ல் தோண்டி எடுத்தார். 2010ல் கட்டுரையை அந்த இதழே திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவர் பதிவும் பறிக்கப்பட்டது. பணம் எங்கே என்று கேட்பது நல்ல கேள்வி. இரண்டு பக்கமும் கேட்க வேண்டும்.

பாவி ஒருவன் செய்தி கொண்டு வந்தால் தீர விசாரியுங்கள் என்று ஹுஜுராத் அத்தியாயம் (49:6) சொல்வதை மேடைக்கு மேடை பேசுகிறோம். காதில் விழுந்ததையெல்லாம் பரப்புவதே ஒருவன் பொய்யன் என்பதற்குப் போதும் என்ற நபிமொழியும் நமக்குத் தெரியும். ஆனால் யார் பேசினார் என்றே தெரியாத குரல் பதிவை நாற்பது குரூப்புக்கு அனுப்பி விட்டுத் தூங்கப் போகிறோம். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. மக்கள் துக்கத்தில் இரண்டையும் இணைத்துப் பேசினார்கள். எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனுக்கோ சந்திரனுக்கோ கிரகணம் பிடிப்பதில்லை என்று அவர்கள் உடனே திருத்தினார்கள். தம் வீட்டுத் துக்கத்துக்குப் பெருமை சேர்க்கும் வதந்தியைக் கூட விட்டு வைக்கவில்லை!

2020ல் இதன் மறுபக்கத்தை அனுபவித்தோம். நிஜாமுத்தீன் மர்கஸ் கூட்டத்துக்குப் போய் வந்தவர்களிடையே கொரோனா பரவியது உண்மை. அந்த உண்மையைக் கொண்டு என்ன செய்தார்கள்? மற்ற கூட்டங்களுக்கெல்லாம் பெயர் இல்லை, இதற்கு மட்டும் தினசரிக் கணக்கில் தனி வரி. தள்ளுவண்டியில் காய் விற்கும் பாயிடம் வாங்காதே என்று பிரச்சாரம். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 2020 ஆகஸ்டில் அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகக் கூறி வழக்குகளை ரத்து செய்தது. டில்லி உயர் நீதிமன்றம் 70 இந்தியர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்ய 2025 ஜூலை ஆயிற்று. ஒரு நோய்க் கணக்கை இப்படி ஒரு சமுதாயத்தின் கழுத்தில் அட்டையாக மாட்டிய பிறகு, அடுத்த முறை சுகாதாரத் துறைக்காரர் வந்தால் அந்தச் சமுதாயம் நம்ப வேண்டும் என்றால் எப்படி?

பிச்சாவரத்தில் நடந்த நல்ல சண்டை

எல்லாச் சர்ச்சையும் கெட்டதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியின் போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் கல்யாணப் பந்தியில் இருந்த சோற்றை மீனவச் சகோதரர்களுக்கு எடுத்துச் சென்று கொடுத்ததை நாடே பேசியது. அதே ஊரில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்குள்ள விஞ்ஞானி கதிரேசனும் ராஜேந்திரனும் கரையோரத்தில் 18 குக்கிராமங்களைக் கணக்கெடுத்து, சதுப்புநிலக் காடும் மற்ற மரங்களும் இருந்த இடத்தில் சாவு குறைவு என்று 2005ல் எழுதினார்கள். உலகமே பிச்சாவரத்தைத் திரும்பிப் பார்த்தது.

அடுத்த ஆண்டே கெர், பேர்டு, கேம்பெல் என்ற மூவர் அதே 18 கிராமத்துக் கணக்கை எடுத்து மறுபடி கூட்டிப் பார்த்தார்கள். கடலிலிருந்து தூரமும் தரையின் உயரமும் தான் பெரும்பாலும் காப்பாற்றின, மரத்தின் பங்கு தனியாகத் தெரியவில்லை என்றார்கள். மரத்தை நம்பிக் கரையிலேயே இருந்து விட்டால் அடுத்த அலையில் ஆபத்து என்பது அவர்கள் கவலை. யாரும் யாரையும் சதிகாரன் என்று சொல்லவில்லை. அண்ணாமலைக்காரர்கள் எண்களைத் திறந்து வைத்திருந்ததால் தான் அந்த எண்களைக் கொண்டே அவர்களை மறுக்க முடிந்தது. எண்களைத் திறந்து வைப்பவனோடு சண்டை போடலாம். பெட்டியைப் பூட்டிக் கொண்டு 'நம்பு' என்பவனிடம் சண்டை போடக் கூட முடியாது.

கடலூரில் பூட்டிய பெட்டி நிறைய இருக்கிறது. புதிய ஆலைக்கோ விரிவாக்கத்துக்கோ 2006ம் ஆண்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும், முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். முழு ஆய்வறிக்கை பல நூறு பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். சுருக்கம் மட்டும் தமிழில். செம்மங்குப்பத்து மீனவர் பன்னிரண்டு பக்கச் சுருக்கத்தைப் படித்து விட்டுக் கருத்துச் சொல்ல வேண்டுமாம். முழு அறிக்கையும் தமிழில் வேண்டும். ஆலை வாசலில் என்னென்ன ரசாயனம் எவ்வளவு வெளியேறுகிறது என்று அன்றாடம் தமிழில் எழுதிய பலகை வேண்டும். குடிகாடு முதல் சங்கொலிக்குப்பம் வரை வீடு வீடாக நோய்க் கணக்கு எடுத்து அதை வெளியிட வேண்டும்.

கேட்க வேண்டியது அந்தக் கிராமத்துக்காரர்கள் மட்டும் தானா? உப்பனாற்று மீனை வாங்கி விற்பவர்கள் நாம். அந்தச் சாலையில் தினம் போய் வருபவர்கள் நாம். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேச அந்த ஊரில் பட்டா இருக்க வேண்டிய அவசியமில்லை. அடுத்த கூட்ட அறிவிப்பு வந்ததும் அதை ஜும்ஆவில் வாசிக்க நெல்லிக்குப்பம், முதுநகர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் ஜமாஅத் நிர்வாகிகள் இசைய வேண்டும். ஊருக்கு இரண்டு வேதியியல் படித்த பிள்ளைகளாவது நம்மிடம் இல்லாமல் இல்லை. அந்த ஆங்கில அறிக்கையை அவர்கள் கையில் கொடுங்கள். முப்பது நாள் இருக்கிறது.